புசல்லாவைக் கொடிப்பந்தல்கள்

கண்டி மாநகரிலிருந்து நுவரெலியாவை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, பேராதனையைக் கடந்து கம்பளை வரையில் மகாவலி கங்கைக்குத் துணையாகச் செல்கின்றது. கம்பளையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகின்றது. வளைவுக்கு வளைவு வெயில் தணிகின்றது. காற்றிலே குளிர் ஏறுகின்றது. தென்னையும் கமுகும் பின்தங்கத் தேயிலை முன்வருகின்றது. இவ்வாறு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பயணஞ் செய்தால், கடல் மட்டத்திலிருந்து 3000 அடி உயரத்தை அண்மிய புசல்லாவை என்னும் சிற்றூரை அடையலாம்.

சிறிய கடைத்தெரு ஒன்று. கோயில், விகாரை, பள்ளிவாசல். சரஸ்வதியின் பெயர் தாங்கிய பாடசாலை ஒன்று. எந்நேரமும் இரைச்சலோடு வந்து நிற்கும் பேருந்துகள். இவற்றைச் சூழ்ந்து றொத்சைல்ட், டெல்டா, ஹெல்பொட எனத் தோட்டங்கள் மலைமேல் மலையாக விரிந்து கிடக்கின்றன. இன்னுஞ் சிறிது தூரம் மேலே சென்றால், 1985 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற கொத்மலை நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கிலே பளிங்குபோலத் தோன்றும். அதற்கும் அப்பால் இறம்பொடையின் நீர்வீழ்ச்சிகள் வழிப்போக்கரை அழைக்கும்.

இவ்வழியே செல்வோர் பெரும்பாலும் இக்காட்சிகளைக் கண்டு, தெருவோரக் கடையிலே ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு, நுவரெலியாவுக்குப் போய்விடுவர். நாமும் பலமுறை அவ்வாறே போயிருக்கின்றோம். ஆயினும், இவ்வூரில் ஓரிரு நாள் தங்கிக் கால்நடையாகத் தோட்டப் பாதைகளில் நடப்பவரின் கண்களுக்கு வேறொரு காட்சி புலப்படும். அது மலைச்சரிவில் இல்லை. லயங்களின் வாசலில் இருக்கின்றது. கோணலும் மாணலுமான குச்சிகளைப் பற்றிக்கொண்டு, வெள்ளையும் ஊதாவும் நீலமுமாகப் பூத்துக் குலுங்கும் கொடிகளே அக்காட்சி. அவற்றைப் பற்றியே இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

பூக்கவிடாத பயிர்

தேயிலை பூக்குமா என்று பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகூடச் சற்றே தயங்கித்தான் விடை கூறும். தேயிலை பூக்கும். வெண்ணிற இதழ்களும் நடுவிலே பொன்னிறக் கேசரங்களுங் கொண்ட அழகிய மலர் அது. காயும் காய்க்கும், ஒரு காயில் ஒன்று முதல் மூன்று வரையில் விதைகள் இருக்கும். தன்போக்கில் விட்டால் 30 அடிக்கு மேலும் ஓங்கி மரமாகக்கூடிய தாவரம் அது.

ஆனால், தோட்டத்திலே அதற்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இடுப்பளவுக்கு மேல் அதனை உயரவிடுவதில்லை. வாரத்துக்கொரு முறை அதன் கொழுந்து கிள்ளப்படுகின்றது. சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்துக் கத்தி அதன் கிளைகளை அடியோடு சீவிவிடுகின்றது. பூத்துக் காய்த்து விதையாக வேண்டிய வலிமையெல்லாம் இலையாக மாறவேண்டும் என்பதே இத்தொழிலின் நோக்கம். இடையிடையே ஒளிந்து பூக்கின்ற இரண்டொரு பூவை யாரும் பொருட்படுத்துவதில்லை. முன்னாளில் புதிய நிலங்களில் நடுவதற்கேனும் தேயிலை விதை தேவைப்பட்டது. அதற்கெனச் சில மரங்களை உயர வளர்த்தனர். தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தண்டிலிருந்து கன்று உண்டாக்கும் முறையைப் பரப்பிய பின்னர், அந்தத் தேவையும் அருகிவிட்டது.

ஆகவே, ஆயிரமாயிரம் ஏக்கரில் பரந்து கிடக்கும் இம்மலைகளிலே பயிரானது பூவையும் விதையையும் காணாமலே காலங் கழிக்கின்றது. அதனிடையே வாழும் மக்கள் தம் வாசலில் எதை வளர்க்கின்றனர் என்று பார்த்தால், பூப்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட கொடிகளை வளர்க்கின்றனர்! கவ்வாத்திலே வெட்டி வீழ்த்திய தேயிலைக் கிளைகளை இங்கே மிலாறு என்பர். அடுப்பெரிக்க வீட்டுக்கு வரும் அந்த மிலாற்றில் நீண்டு நிமிர்ந்தவற்றைத் தெரிந்தெடுத்துக் கொடிகளுக்குக் கொழுகொம்பாக நடுகின்றனர். பூக்கவிடாது வெட்டப்பட்ட கிளையின் மேல் ஏறி, அவரையும் போஞ்சியும் பூத்து நிற்கின்றன.

மரம் நடாத மக்கள்

லயத்து வாசலில் மாவும் பலாவும் நிற்பதைக் காட்டிலும் கொடிகள் மிகுதியாக நிற்பதேன்? இடம் சிறிது என்பது முதற் காரணம். பழைய லயத்துக் காம்பறா 10 அடிக்கு 12 அடி அளவினது. அதன் முன்னும் பின்னுமுள்ள நிலம் ஒரு பாய் விரிக்கும் அகலமே இருக்கும். கொடிக்கு அது போதும். ஒரு சாண் மண்ணிலே வேரூன்றி, மேலே உள்ள வானத்தைத் தனது நிலமாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு.

இரண்டாவது காரணம் வரலாற்றிலே உள்ளது. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். அக்காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து இம்மலைகளுக்கு வந்தனர். புசல்லாவைக்கோ இவ்வரலாற்றிலே தனியிடம் உண்டு. 1841 ஆம் ஆண்டில் மொரிஸ் வோர்ம்ஸ் என்பவர் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து நாட்டியது இங்குள்ள றொத்சைல்ட் தோட்டத்திலேதான். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867 ஆம் ஆண்டுக்கு இது கால் நூற்றாண்டு முந்தியது.

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் ஒன்று தோன்றியது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுள் மலைமலையாக நின்ற கோப்பி அழிந்தொழிந்தது. ஒரே பயிரை நம்பிய நாட்டுக்கு இயற்கை புகட்டிய பாடம் அது. கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. உழைத்தவர் அதே லயங்களில் இருந்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் தீருதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

நாளை இந்த வாசல் தமக்கு உரியதோ அன்றோ என்று அறியாதவர், பத்தாண்டு கழித்துக் காய்க்கும் பலாமரத்தை எந்த நம்பிக்கையோடு நடுவர்? இரண்டு மாதத்திலே காய்க்கும் போஞ்சியை நடுவர். போகவேண்டி வந்தால், அதன் விதையை ஒரு முந்தானை முடிச்சிலே கொண்டும் போகலாம். காணி இல்லாதவரின் பயிர் கொடி என்று நாம் கருதுவது இதனாலேயே.

வாசலிலே கண்டவை

நாம் சென்றது தை மாதம். மழை ஓய்ந்து, காலையிலே பனியும் பகலிலே இளவெயிலுமாக இருந்த காலம். லயமொன்றின் கோடியிலே, ஒரு பந்தலின்கீழ் நின்ற மூதாட்டியார் எம்மை அன்போடு வரவேற்றுத் தமது கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலிலே போஞ்சி. மலைநாட்டின் பணப்பயிர்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்க மண்ணிலே தோன்றி உலகெங்கும் பரவிய இப்பயிரின் பெயர், சிறிய அவரை என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து சிங்களத்துக்கும், அதிலிருந்து எமக்கும் வந்ததாகும். அடுத்தது நாட்டவரை, வெண்பூப் பூப்பதொன்று, ஊதாப்பூப் பூப்பதொன்று. அதனை அடுத்துப் பயற்றங்கொடி. வேலியின் மேல் சங்குப்பூ. அதன் நீல மலர்களைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அன்றாடம் பறித்துக் கொடுப்பதாக மூதாட்டியார் கூறினார்.

சங்குப்பூவைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் இதழ்களை வெந்நீரில் இட்டால் நீர் ஆழ்ந்த நீலமாகும். அதிலே தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் நீலம் ஊதாவாக மாறும். சாம்பல் கரைத்த தெளிநீரை விட்டால் பச்சையை நோக்கிச் செல்லும். அமிலத்தையும் காரத்தையும் காட்டும் ஆய்வுகூடம் ஒன்று உங்கள் வேலியிலேயே படர்ந்திருக்கின்றது. இந்த நீலச் சாற்றை மேனாட்டு நகரங்களிலே நீலத் தேநீர் என்று விலைக்கு விற்கின்றனர். தேயிலை மலையின் வேலியிலே கேட்பாரின்றிப் பூப்பது, அங்கே தேநீர் என்ற பெயரைப் பெற்றுவிட்டது!

பந்தலின் நடுவிலே நின்றதுதான் எம் கண்ணை மிகக் கவர்ந்தது. இளநீல மலர்கள்; அவற்றின் கீழே, நான்கு ஓரங்களிலும் சுருக்கு வைத்துத் தைத்தாற்போன்ற சிறகுகளுடன் தொங்கும் பச்சைக் காய்கள். நாம் சிறகவரை என்போம். சிங்கள மக்கள் தம்பல என்பர். இதன் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். தமது மாமியார் காலத்திலே பள்ளத்தாக்குக் கிராமத்துச் சிங்களப் பெண்மணி ஒருவர் கொடுத்தது என்றும், அதற்கு ஈடாக மாமியார் நாட்டவரை விதை கொடுத்தார் என்றும் விடை கிடைத்தது.

ஒரு காயைப் பறித்துப் பார்க்க நாம் கையை நீட்டியபோது மூதாட்டியார் தடுத்தார். “அதுல கைய வைக்காதீங்க ஐயா. கீழ் காயி வெதைக்கு. மேல உள்ளத எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்கங்க” என்றார். அந்தக் காயின் காம்பிலே சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

உலகம் தேடிவந்த அவரை

அந்தச் சிறகவரைக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் வாய்த்தது. அதன் இளங்காய் கறிக்கு உதவும். பூவும் தளிரும் உண்ணத்தக்கன. வேரிலே கிழங்கு உண்டு. முற்றிய விதையிலோ நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் புரதம் உண்டு. சோயா அவரைக்கு நிகரான இத்தகைய பயிர், வெப்ப நாடுகளின் ஏழைமக்கள் வீட்டு வாசலிலே கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தார் இதனைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டனர். 1978 இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் 1981 இல் கொழும்பிலும் இதனை ஆராய்வதற்கென்றே சர்வதேச மகாநாடுகள் கூடின. 1980களில் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையில், தம்பலையின் பெயரையே தாங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் இயங்கியது. புசல்லாவைப் பந்தலிலிருந்து அவ்விடம் அரைநாட் பயணத்துக்கும் உட்பட்டது.

ஆயினும், எதிர்பார்த்தபடி சிறகவரை உலகின் பெருங்கமங்களைப் பிடிக்கவில்லை. காரணங்கள் மிகத் தெளிவானவை. கொழுகொம்பின்றி அது நன்கு காய்ப்பதில்லை. ஏக்கர் கணக்கிலே கொம்பு நடுவதற்குச் செலவு அதிகம். காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் நெற்றும் கூடியே இருக்கும். ஆதலால் இயந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் அறுவடை செய்ய இயலாது. விதையின் தோல் கடினமானது. வேக நெடுநேரம் எடுக்கும். பழைய வகைகள் பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் இயல்பின.

இக்குறைகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலிலே இவற்றிற் பல குறைகளாகவா தோன்றுகின்றன? கொழுகொம்புக்கு மிலாறு உண்டு, வேலி உண்டு, கூரையின் விளிம்பும் உண்டு. காய்கள் ஒருசேர முற்றாமையால் இன்று நாலு, நாளை ஐந்து என நாள்தோறும் கறிக்குக் கிடைக்கின்றன. நூறு மூடை ஒரே நாளில் வேண்டும் வணிகனுக்கு ஆகாத கொடி, ஒரு பிடி காய் ஒவ்வொரு நாளும் வேண்டும் தாய்க்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. தோட்டத்துக்கு ஏற்ற பயிர் வேறு, வீட்டுக்கு ஏற்ற பயிர் வேறு என்பதை இதனைவிடத் தெளிவாக உணர்த்துவது அரிது.

தாயைப் போலப் பிள்ளை

மாமியார் காலத்து விதை என்றால், ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் குணம் மாறாது வந்திருக்குமா என்று சிலர் ஐயுறலாம். இதற்கு விடை, அவரைக் குடும்பத்து மலரின் அமைப்பிலே உள்ளது. போஞ்சியின் பூவை மெல்லப் பிரித்துப் பார்த்தால், படகு போன்ற இதழ் ஒன்றினுள்ளே மகரந்தப்பையும் சூல்முடியும் ஒருங்கே பொதிந்திருக்கக் காணலாம். பூ முற்றாக விரியுமுன்னரே மகரந்தம் அங்கேயே படிந்துவிடுகின்றது. பிறிதொரு கொடியின் மகரந்தம் வந்து கலப்பது அரிதாகையால், பிள்ளைக் கொடி தாய்க் கொடியைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். சிறகவரையும் பெரும்பாலும் தன்மகரந்தத்தாலேயே காய்ப்பது.

இவ்வியல்பைக் கொண்டுதான் கிரெகோர் மெண்டல் என்னும் துறவி, தற்போது செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் பட்டாணியை ஆண்டுக்கணக்காகப் பயிரிட்டுப் பாரம்பரிய விதிகளைக் கண்டறிந்தார். போஞ்சியையும் அவர் சோதித்தார். அவருடைய கட்டுரை அச்சானது 1866 ஆம் ஆண்டில். டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதற்கு முந்திய ஆண்டு. உலகம் அதன் பெருமையை உணர்ந்ததோ 1900 ஆம் ஆண்டில். எண்ணும் எழுத்தும் அறியாத எமது பாட்டியர், நல்ல கொடியிலிருந்து நல்ல விதையைத் தெரியும் கலையை அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே கைப்பழக்கமாக வைத்திருந்தனர்.

கடையிலே வாங்கும் விதைகளுள் கலப்பினம் என்று குறித்தவற்றுக்கு இது பொருந்தாது. இருவேறு வகைகளை இணைத்து உண்டாக்கிய அவ்விதை முதற்போகத்திலே நன்கு விளையும். அதன் விதையை எடுத்து மீண்டும் நட்டால், பிள்ளைகள் பலவாறாகப் பிரிந்துபோகும். எனவே ஒவ்வொரு போகத்துக்கும் மீண்டும் கடைக்கே செல்லவேண்டும்.

விதைக்காய் எடுக்கும் முறை

மூதாட்டியார் கூறியதையும் கமத்தொழில் அறிந்தோர் கூறுவதையும் சேர்த்து, வாசகர்களின் பயன் கருதி இங்கே தருகின்றோம்.

முதலில் காயைப் பார்ப்பதற்கு முன் கொடியைப் பார்க்கவேண்டும். இலைச் சுருட்டையோ மஞ்சட் புள்ளியோ இன்றி நன்கு படர்ந்த கொடியே தாய்க்கொடியாகத் தக்கது. அதிலே முதன்முதலில் அடிப்பகுதியிற் காய்த்த, நீண்டு நேராக வளர்ந்த சில காய்களை நூல் கட்டி விட்டுவிடவேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகள் தெரியாமற் பறித்துவிடாதிருக்க இந்த நூல் உதவும். எல்லாக் காய்களையும் முற்றவிடலாகாது. விதை முற்றத் தொடங்கிய கொடி, தன் கடமை முடிந்ததெனப் பூப்பதைக் குறைத்துவிடும். ஆகவே ஏனைய காய்களைப் பிஞ்சாகவே பறித்து வந்தால் கறியும் கிடைக்கும், கொடியும் பூத்துக்கொண்டிருக்கும்.

காய் பச்சை மாறி மஞ்சளாகி, பின் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென ஒலிக்கும் நிலையே பறிக்கத் தகுந்த நிலை. அதற்குப் பின்னும் விட்டால் நட்டம் உண்டு. காயின் சுவரிலே நார்கள் சரிவாகவும் குறுக்காகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உலரும்போது அவை வெவ்வேறு திசையில் இழுப்பதால், காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். அவரை இனத்துத் தாவரங்கள் காட்டிலே தம் இனத்தைப் பரப்பும் வழி இது. வீட்டிலே வளர்ப்பவர் வெடிப்பதற்கு ஒருநாள் முந்திக்கொள்ளவேண்டும்.

புசல்லாவை போன்ற மழைநாட்டிலே காலமறிதல் மிக முக்கியம். வைகாசி தொடக்கம் தென்மேற்குப் பருவமழை; ஐப்பசி கார்த்திகையிலும் பெருமழை. மழையில் நனைந்த நெற்று பூஞ்சணம் பிடிக்கும். சிலவேளை காயினுள்ளேயே முளைத்துவிடும். தையும் மாசியுமே விதையெடுக்கச் சிறந்த மாதங்கள். காலைப்பனி உலர்ந்த பின்னர்ப் பறித்து, காம்போடு கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்திலே சில நாள் தொங்கவிடவேண்டும். பின்பு கையால் உடைத்து, சுருங்கியதும் துளைபட்டதும் நிறம் வேறுபட்டதுமான விதைகளை விலக்கிவிட வேண்டும்.

விதையை வண்டு அழிக்காதிருக்கச் சலித்த விறகுச் சாம்பலைக் கலந்து போத்தலில் இடுவது பழைய முறை. விதைகளுக்கிடையேயுள்ள வெளி முழுவதும் சாம்பலால் நிரம்பும்போது வண்டு நடமாடவும் பெருகவும் இடமின்றிப் போகின்றது. அடுத்த போகத்துக்கு முன் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் விதை நன்று. ஐந்துதான் முளைத்தால் குழிக்கு ஒன்றுக்கு இரண்டாக இடுங்கள். சிறகவரைக்கும் சங்குப்பூவுக்கும் தோல் தடிப்பு. முதல்நாள் இரவு நீரில் ஊறவைத்து நடுவது நலம்.

கொடி முடிந்ததும் அதனை வேரோடு பிடுங்கிவிடாமல், தண்டை மட்டும் அறுத்து வேரை மண்ணிலேயே விடுதல் வேண்டும். அவ்வேரின் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உரமாக்குபவை. உரமூடை வாங்க வழியில்லாத வாசலுக்கு இது கொடி விட்டுச் செல்லும் கொடையாகும்.

இரண்டு களஞ்சியங்கள்

பேராதனைக்கு அண்மையிலே கன்னொறுவையில், 1988 ஆம் ஆண்டு ஜப்பானின் உதவியோடு தாவர மரபுவள நிலையம் நிறுவப்பெற்றது. நாட்டின் பல பாகங்களிலும் சேகரித்த நெல், தானியம், அவரை, மரக்கறி விதைகள் அங்கே குளிரறைகளில் உறங்குகின்றன. பான்ஸ் தேசாதிபதி ஒரே பயிராகக் கோப்பியை நட்ட அதே கன்னொறுவையிலே, பல்லாயிரம் வகை விதைகளைக் காக்கும் களஞ்சியம் எழுந்தது காலத்தின் விளையாட்டேயாகும்.

குளிரறையிலே விதை உயிரோடிருக்கும். ஆனால் அதனை எப்போது நடுவது, எந்தக் காயை விடுவது, எப்படிச் சமைப்பது என்னும் அறிவை எந்தக் குளிரறையிலும் அடைத்து வைக்க இயலாது. அது ஆண்டுதோறும் நட்டு, பறித்து, உண்டு, பகிர்ந்து வாழும் வீட்டிலேதான் உயிர்வாழும். அடுப்பங்கரைப் போத்தல் இரண்டாவது களஞ்சியம். முன்னது அரசாங்கத்தின் காவலில் உள்ளது. பின்னதைக் காப்பவர் யார்?

2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. எரிபொருளும் உணவும் அருகி, விலைவாசி விண்ணை எட்டிய அவ்வாண்டிலே, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அரசு தீர்மானித்தது. அவ்வேளையிலே பலர் நிலத்தைக் கொத்திவிட்டு விதையைத் தேடி அலைந்தனர். போத்தலிலே விதை வைத்திருந்த வீடுகள் அலையவில்லை. மூதாட்டியாரும் அவ்வாண்டில் தம் லயத்திலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு பிடி விதை கொடுத்ததாகக் கூறினார்.

ஏழு பேர்ச் காணி

அண்மைக் காலத்திலே மலையகத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. இந்திய உதவியோடும் அரசாங்கத்தின் முயற்சியாலும் எழுந்த தனிவீட்டுத் திட்டங்களில், குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி வழங்கும் முறை வந்தது. 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்று அதிகமானது. 200 ஆண்டு உழைப்புக்கு இது பெரிதன்று என்போர் கூற்றிலே நியாயம் உண்டு. பல குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன என்பதும் உண்மை. எனினும், தன்னுடையதென்று சொல்லத்தக்க மண்ணிலே ஒரு குச்சியை ஊன்றுவது, பிறர் மண்ணில் ஊன்றுவதினின்றும் வேறுபட்டதன்றோ? அந்த வாசலிலே கொடியோடு மாவும் பலாவும் நடலாம். பேரப்பிள்ளை அதன் நிழலிலே விளையாடுமென்று நம்பி நடலாம்.

ஆனால், காணி வருகின்ற வேளையிலே விதை போய்விடுமோ என்ற அச்சமும் எமக்கு உண்டு. மூதாட்டியாரின் பிள்ளைகள் கொழும்பிலே வேலை செய்கின்றனர். மலையக இளைஞர் பலரின் வழி இன்று அதுவே. அதிலே குற்றம் காண்பதற்கில்லை. கல்வியும் தொழிலும் தேடிப் புறப்படுவது முன்னேற்றத்தின் அறிகுறியே. போகும்போது ஒன்றை மட்டும் கேட்டறிந்து போகவேண்டும். எந்தப் போத்தலில் எந்த விதை? எந்த மாதத்தில் நடுவது? எந்தக் காயிலே நூல் கட்டுவது? இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் வாய்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

மலையகப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு வேலியையாவது இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பாட்டியிடமிருந்து பத்து விதை கொணரட்டும். பெயரையும், யாரிடமிருந்து வந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். நட்டுப் பூப்பித்து, நெற்றெடுத்து, அடுத்த வகுப்பாருக்குக் கொடுக்கட்டும். தாவரவியலும் வரலாறும் அந்த ஒரு வேலியிலே கூடிப் படரும். ஆசிரியர்க்கு இதனால் பெருஞ் செலவொன்றும் இல்லை. வேண்டுவன சில குச்சிகளும் சிறிது நூலுமே.

நாம் விடைபெறும் வேளையில், மூதாட்டியார் சிறகவரை விதை ஒன்பதை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். “சும்மா வச்சிக்கிட்டு இருந்தா செத்துப் போயிரும் ஐயா, இந்த வருசமே ஊன்டிருங்க” என்று கூறிவிட்டு, அவர் கொழுந்து நிறுக்கும் நேரமாயிற்று என்று எழுந்து வந்த பேத்திக்குத் தேநீர் ஊற்றச் சென்றார்.